நடுநிலைக் கை

ஏழுமலைக்குக் கனடாவின் மொன்றியல் நகரில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. செய்யாற்றிலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில், எந்தக் கொள்கலன் எந்த லாரியில் ஏறுகிறது என்று கணினியில் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. சொந்தம் இல்லாததை அவன் அதுவரை ஒரு குறை என்றே நினைத்திருந்தான். அது ஒரு தகுதி என்று அவனுக்கு எடுத்துச் சொன்னது மொன்றியல் முத்தமிழ் முன்னேற்றச் சங்கம்தான்.

சங்கத்துக்கு அவனை அனுப்பிவைத்தவர் புஷ்பராணி. அவன் குடியிருக்கும் கட்டடத்தில் அவர் தரைத்தளம், அவன் நிலவறை. முப்பது வருடம் ஷபனெல் தெருவில் கோட்டுத் தைத்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தோறும் அவனைக் கூப்பிட்டுச் சோறு போடுவார். போட்டுவிட்டு, அவன் மீன் முள் எடுக்கும் லட்சணத்தைப் பார்த்துத் திட்டுவார்.

சங்கத்தின் மண்டபம் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில், ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் வயதானவர்கள் அங்கே கூடி முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். புஷ்பராணி சீட்டைக் கையில் எடுத்தால் எதிரில் இருப்பவர்கள் அப்போதே பெருமூச்சு விடுவார்களாம். ஆனால் மண்டபத்துக்கு இருபத்தொரு படி. முழங்கால் இரண்டிலும் ஆப்பரேஷன் ஆனபிறகு நான்கு வருடமாக அவரால் மேலே போக முடியவில்லை. அவரைப் போலவே ஒவ்வொருவராக நின்றுபோய், இப்போது செவ்வாய்க்கிழமைக்கு மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். முந்நூற்றிநாலுக்கு நான்கு பேர் வேண்டும். மூன்று பேரும் வந்து உட்கார்ந்து, நாலாவது ஆளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

“தம்பி, ஒருக்கா மேல போய் இந்தக் கடிதத்தைக் குடும்,” என்றார் புஷ்பராணி. “படியோட சேத்துக் கதிரை ஒண்டு பூட்டுவினமே, நாங்கள் ஏறி இருந்தா அதுவே மேல கொண்டு போகும், அதைப் பூட்டச் சொல்லி எழுதியிருக்கிறன். நாலு வருசமா ரெலிபோனில சொல்லுறன். மேல வந்து நேரில சொல்லட்டாம்.”

ஏழுமலை கடிதத்தோடு ஏறிப் போனது ஒரு ஐப்பசி மாதத்து ஞாயிறு. மேலே பதினேழு பேர் கொண்ட நிர்வாக சபை கூடியிருந்தது. படிக்கதிரைக்கு நிதி சேர்க்க ஒரு குலுக்கல் நடத்துவது என்று சபை இரண்டு வருடத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தது என்பது அவனுக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. அரசாங்க அனுமதி இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. குலுக்கலுக்குப் பெயர்தான் வரவில்லை. ‘அதிர்ஷ்டம்’ வடமொழி என்று ஒரு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ‘லாபம்’ வடமொழி என்று இன்னொன்று. ‘லொத்தர்’ என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று ஒருவர் வெளிநடப்புச் செய்தார். கடைசியில் ‘நற்பேற்றுக் குலுக்கல்’ என்று முடிவானபோது அனுமதி காலாவதியாகியிருந்தது. அதை மறுபடி எடுத்தார்கள். அன்றைக்குச் சபைக்கு முன்னால் மிச்சமிருந்த கேள்வி, சீட்டை யாருடைய கை எடுப்பது என்பதுதான்.

அது லேசான கேள்வி இல்லை. பதினேழு பேரும் ஒன்பது ஊர்ச்சங்கங்களைச் சேர்ந்தவர்கள். சின்னப் பிள்ளை எடுக்கலாம் என்றால், எந்தப் பிள்ளைக்கும் ஒரு தாத்தா இருக்கிறார், அந்தத் தாத்தாவுக்கு ஒரு ஊர் இருக்கிறது. தபால்காரர் வெள்ளைக்காரர்தானே என்றால், அவருக்கு ஒரு வீட்டில் வடை கொடுக்கிறார்கள் என்று தகவல் இருந்தது.

அப்போதுதான் ஏழுமலை கதவைத் தட்டினான்.

“நீர் ஆற்றை ஆள்?” என்று கேட்டார் தலைவர் தியாகலிங்கம். அவர் பன்னிரண்டு வருடமாகச் சங்கத்தின் தற்காலிகத் தலைவர்.

“யாரோட ஆளும் இல்ல சார். புஷ்பராணி ஆன்ட்டி ஒரு லெட்டர்…”

“எந்த ஊர்?”

“செய்யாறு சார். திருவண்ணாமலை பக்கம்.”

“அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

“இங்க உமக்குச் சொந்தக்காரர்?”

“யாரும் இல்ல சார்.”

“சிநேகிதர்?”

ஏழுமலை உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். “பெருசா சொல்ற மாதிரி இல்ல சார்,” என்றான்.

தியாகலிங்கம் எழுந்து நின்றார். “சபையோரே, இப்பிடி ஒருத்தருமே இல்லாத ஒரு மனுசனை என்ர பன்னிரண்டு வருசத் தற்காலிகத் தலைமையில நான் கண்டதில்லை. இவருக்கு ஒண்டு நடந்தாலும் கேக்க ஒரு சனம் இல்லை. இதையல்லோ நாங்கள் தேடினது!”

பதினேழு பேரும் கை தட்டினார்கள். ஏழுமலைக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த ஊரில் யாரும் அவனுக்காகக் கை தட்டியதில்லை. செயலாளர் சிவநேசம் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்: ‘ஓர் அந்நியர் வந்தார். அவருடைய கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் ஒரு கடிதமும் கொண்டுவந்தார். நேரமின்மையால் கடிதம் வாசிக்கப்படவில்லை.’

அடுத்த வாரம் அவனுக்கு நடுநிலை விதிகள் மின்னஞ்சலில் வந்தன, மொத்தம் ஆறு பக்கம். குலுக்கல் முடியும்வரை அவன் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்கும் போகக்கூடாது. தமிழர் யாருடைய காரிலும் ஏறக்கூடாது. யாருக்காவது வணக்கம் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. எந்தத் தமிழர் வீட்டிலும் சாப்பிடக்கூடாது.

அவன் சிவநேசத்துக்குப் போன் செய்தான். “சார், வெள்ளிக்கிழமை மட்டும் ஆன்ட்டி வீட்ல சாப்பிடுவேன். அது பரவால்லயா?”

“தம்பி, நீர் சாப்பிடுறதில எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை,” என்றார் சிவநேசம். “கைதான் சாப்பிடக்கூடாது.”

ஏழுமலை கரண்டியால் சாப்பிடலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான். படிக்கதிரை வந்தால் ஆன்ட்டிக்குத்தானே நல்லது. புஷ்பராணியும் அதைத்தான் சொன்னார். “கொஞ்ச நாளைக்குத்தானே தம்பி. பேந்து எல்லாத்தையும் சேத்துச் சாப்பிடலாம்.” அந்த வெள்ளிக்கிழமை தரைத்தளத்திலிருந்து மீன் குழம்பு வாசனை நிலவறைக்கு இறங்கிவந்தது. வாசனையைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. அவன் பாண் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டான்.

சுவரொட்டி வந்தது. பதினேழு நிர்வாகிகளின் முகங்களும் பொங்கலுக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டி வட்டம் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் ஏழுமலையின் வலக்கை, மணிக்கட்டு வரை. முகம் போட்டால் யாருக்காவது பிடித்துப்போகும், அது நடுநிலைக்குப் பங்கம் என்று விளக்கம் சொன்னார்கள். அவனுடைய அம்மா செய்யாற்றில் வாட்ஸப்பில் அதைப் பார்த்துவிட்டு, கைக்கு என்ன ஆச்சு என்று அழுதார்.

மூன்று ஒத்திகைகள் நடந்தன. சலவைக் கடையில் பழுதாகிக் கிடந்த உலர்த்தியின் உருளையை வாங்கி மேலே ஏற்றியிருந்தார்கள். வெற்றுச் சீட்டுகளைப் போட்டுச் சுற்றி, ஏழுமலையை எடுக்கச் சொன்னார்கள். பத்துத் தரம் எடுத்ததில் ஏழு தரம் கை உருளையின் இடப்பக்கம் போனது. சபை இதைக் கவலையோடு கவனித்தது.

“கை ஒரு பக்கம் சாயுது,” என்றார் தியாகலிங்கம்.

“நான் வலதுகைப் பழக்கம் சார். அப்படித்தான் வரும்.”

“அப்பிடியெண்டா இடக்கையால எடும்.”

இடக்கை மங்கலம் இல்லை என்று உபதலைவர் எழுந்தார். மங்கலம் என்பது மூடநம்பிக்கை என்று பொருளாளர் எழுந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, வலக்கையே எடுக்கட்டும், ஆனால் உருளையை வலப்பக்கம் நகர்த்தி வைப்பது என்று சமரசமானது.

பரிசுக்கும் ஒரு உபகுழு இருந்தது. கிடைத்த மூன்று பரிசுகளில் எது முதலாவது என்று தகராறு வந்தபோது, எடையில் எது கூடவோ அதுவே முதல் என்று தீர்த்தார்கள். அதன்படி சோறு சமைக்கும் குக்கர் மூன்றாம் பரிசு. பெரிய தொலைக்காட்சி இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு ட்ரெட்மில், நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரம், நூற்றுப் பத்துக் கிலோ. தலைவரின் மைத்துனர் வாங்கி, இரண்டு நாள் நடந்து, மூன்றாம் நாளிலிருந்து உடுப்புக் காயப்போட்டு, பின்னர் பெருமனதோடு அன்பளிப்புச் செய்தது. அதைக் காட்சிக்கு வைக்க எட்டுப் பேர் சேர்ந்து மண்டபத்துக்குத் தூக்கிப் போனார்கள். இருபத்தொரு படியில் நாலு படி உடைந்தது.

தை மாதம் குலுக்கல். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. கைக்குள் எதையும் ஒளிக்கவில்லை என்று சபைக்குத் தெரிய வேண்டும் என்பதால் ஏழுமலையைக் கையில்லாத பனியனில் நிறுத்தினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, உருளைக்கு ஒரு வாழ்த்துரை எல்லாம் முடிய அவனுடைய நடுநிலைக் கை நீலம் பாரித்திருந்தது.

மூன்றாம் பரிசு சிவநேசத்தின் மைத்துனிக்கு விழுந்தது.

“பாத்தீங்களோ!” என்றார் தியாகலிங்கம் ஒலிவாங்கியில். “செயலாளரின்ர சொந்தக்காரர் எண்டு கை தயங்கினதோ? இல்லை. அதுதான் நடுநிலை.”

இரண்டாம் பரிசு தியாகலிங்கத்துக்கே விழுந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தலைவருக்குக் குடுத்தா சனம் என்ன சொல்லும் எண்டு பயந்து, இந்தக் கை எனக்கு அநியாயம் செய்திருக்கலாம். செய்யேல்லை. அதிகாரத்துக்கு அஞ்சாத கை இது. தொலைக்காட்சியை நான் பாரமான மனதோட ஏற்றுக்கொள்ளுறன்.”

முதல் பரிசுச் சீட்டை எடுத்து ஏழுமலை வாசித்தான். “புஷ்பராணி…” என்று தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

“அவவின்ர வீட்டிலயெல்லோ இவர் சாப்பிடுறவர்?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

குக்கரும் தொலைக்காட்சியும் அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்தன. முதல் பரிசை மட்டும் நிறுத்திவைத்து, கை விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் தியாகலிங்கம், செயலாளர் சிவநேசம். புஷ்பராணிக்கு அழைப்பாணை போனது: மண்டபத்துக்கு நேரில் வந்து சபைமுன் தோன்ற வேண்டும். மூன்று தவணை வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதிச் சங்க இதழில் பெயர் வெளியிடப்படும்.

முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. ஏழுமலை தனியாக மேலே போனான்.

“சார், அவங்களால படி ஏற முடியாது. அதுக்குத்தானே சார் இந்தக் குலுக்கலே. விசாரணையைக் கீழ வெச்சுக்கலாமே. அவங்க வீட்ல கூட வெச்சுக்கலாம்.”

“தம்பி, சங்கத்தின்ர மாண்பு மேல்மாடியில இருக்கு,” என்றார் தியாகலிங்கம் பொறுமையாக. “அதைக் கீழ இறக்கினா ஆர் மதிப்பினம்? படிக்கதிரை பூட்டினவுடன அவ தாராளமா வரலாம். ஆனா விசாரணை முடியாமல் குலுக்கல் முடியாது. குலுக்கல் முடியாமல் கதிரை பூட்டேலாது. நான் என்ன செய்யிறது, விதி அப்பிடி.”

அந்த விதிகளை எழுதியது யார் என்று ஏழுமலை கேட்டான். தாங்கள்தான் என்று சிவநேசம் பெருமையோடு சொன்னார்.

அன்று மாலை புஷ்பராணி கதவைத் திறந்தபோது ஏழுமலையால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “விடுங்க ஆன்ட்டி. வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. என்னாலதான் உங்களுக்கு இந்தக் கஷ்டம்.”

“ட்ரெட்மில்லை அவை கொண்டுபோய் ஆத்துக்க போடட்டும். இந்தக் காலை வச்சுக்கொண்டு எனக்கு அது என்னத்துக்கு?” புஷ்பராணி அழைப்பாணையை எடுத்து நீட்டிக் காட்டினார். “ஆனா சோத்தைக் குடுத்துப் பரிசு எடுத்தவ எண்டு பேப்பரில போடுவினமாம். முப்பது வருசம் இந்த ஊரில வேலை செய்தனான் தம்பி. ஒரு ஊசி நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நான் மேல போகவேணும்.”

ஏழுமலை இரவு முழுவதும் ஆறு பக்க விதிகளையும் அழைப்பாணையையும் திரும்பத் திரும்பப் படித்தான். தோன்ற வேண்டும் என்றுதான் இருந்தது. எப்படித் தோன்றுவது என்று இல்லை. காலையில் துறைமுகத்தில் றெக்ஸைப் பிடித்தான். றெக்ஸ் கொள்கலன் லாரி ஓட்டுபவன். ஜூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும்போது வீட்டுச் சாமான் தூக்கும் வேலையும் செய்வான்.

“மச்சான், பிரிட்ஜையே வளைஞ்ச படியால மூண்டாம் மாடிக்குக் கொண்டு போறனாங்கள்,” என்றான் றெக்ஸ். “ஒரு மனுசியைக் கொண்டு போகேலாதோ?”

மூன்றாம் தவணையன்று றெக்ஸ் தோள்பட்டி வார்களோடும் ஒரு கைபிடி நாற்காலியோடும் வந்தான். புஷ்பராணி கம்பளிக் கோட்டின் பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அன்ரி, அசையக்கூடாது. பிரிட்ஜ் அசையாது.”

“என்னைப் பிரிட்ஜோட ஒப்பிடுறீரோ?”

“பிரிட்ஜ் கதைக்கவும் கதைக்காது அன்ரி.”

றெக்ஸ் கீழே, ஏழுமலை மேலே. வார் தோளில் அறுத்தது. உடைந்த நாலு படிகளிலும் ஏழுமலைக்கு உயிர் போய் வந்தது. எட்டாவது படியில் புஷ்பராணி கண்ணை மூடிக்கொண்டு அவனுடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டார். நாலு மாதமாக அந்தக் கையை யாரும் தொடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மண்டபத்தில் நாற்காலி இறங்கியபோது சபை எழுந்து நின்றுவிட்டது, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தது.

“இவருக்கு நீங்கள் சாப்பாடு குடுத்தது உண்மையோ?” என்று தொடங்கினார் தியாகலிங்கம்.

“ஓம். ரெண்டு வருசம், வெள்ளிக்கிழமையில. நீங்கள் வேண்டாமெண்டு சொன்ன நாளில இருந்து ஒரு பிடி குடுக்கேல்லை. இந்தப் பிள்ளை கீழ பாண் திண்டுகொண்டு இருக்க, நான் மேல தனிய இருந்து சாப்பிட்டனான்.” அவர் மூச்சு வாங்கினார். “இவருக்கு ஒருத்தரும் இல்லை எண்டுதானே தெரிஞ்செடுத்தனீங்கள்? ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்குச் சோறு போட்டது குற்றம் எண்டா எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ.”

“எழுதவோ?” என்று சிவநேசம் தலைவரைப் பார்த்தார்.

“நானும் சொல்லிடறேன் சார்,” என்றான் ஏழுமலை. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “யாரும் இல்லன்னு அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இவங்க இருந்தாங்க. அவங்க குடுத்த லெட்டரைத்தான் எடுத்துட்டு வந்தேன், நீங்க படிக்கல. இனிமே என் கை வராது.”

ஆணைக்குழு பக்கத்து அறைக்குப் போய், தேநீர் குடித்து, தீர்ப்போடு திரும்பியது. சிவநேசம் வாசித்தார்: “கை குற்றமற்றது. ஆனால் வயிறு நடுநிலை தவறியிருக்கிறது. குலுக்கலில் வயிறு நேரடியாகப் பங்குபற்றாதபடியால் பரிசு செல்லும். பரிசுக்குரியவர் முப்பது நாளுக்குள் மண்டபத்துக்கு வந்து தம் பரிசைத் தாமே எடுத்துச் செல்ல வேண்டும். மேலும், மேற்படி அம்மையார் இன்று படிக்கதிரையின் உதவியின்றி இரண்டு நிமிடத்தில் மேலே வந்துள்ளதைச் சபை மகிழ்ச்சியோடு அவதானித்தது. ஆகவே படிக்கதிரைக்கான தேவை நிரூபிக்கப்படவில்லை. சேர்ந்த நிதி, அடுத்த குலுக்கலின் ஏற்பாட்டுக்கு ஒதுக்கப்படுகிறது.”

பதினேழு பேரும் கை தட்டினார்கள். புஷ்பராணி தலைவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு றெக்ஸைப் பார்த்து, “இறக்கும் தம்பி,” என்றார்.

படியின் அடியில், சலவைக் கடை வாசலில், நாற்காலியை வைத்துவிட்டு இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். கடைக்காரி ஒரு ஹெயிட்டிக்காரப் பெண். குளிரில் ஏன் நிற்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டு உள்ளே கூப்பிட்டாள். உள்ளே சூடாக இருந்தது. துணி மடிக்கும் நீள மேசை ஒன்றும் ஆறு நாற்காலிகளும் இருந்தன. படி ஒன்றுகூட இல்லை. புஷ்பராணி மேசையை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமையில சனம் கூடவோ எண்டு கேளும்,” என்றார் றெக்ஸிடம்.

கூட்டம் இல்லை என்றாள் கடைக்காரி. துணியைக் கொண்டுவந்து தோய்ப்பதானால் எத்தனை பேரும் இருக்கலாம் என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு பேர் அழுக்குத் துணி மூட்டையோடு வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினொருவர். மேலே எஞ்சியிருந்த மூன்று பேரும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். ஏழுமலை வேலை முடிந்து வந்து முந்நூற்றிநாலு பழகினான். கையிலுள்ள சீட்டைப் பார்த்து எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூறுவதற்கு அதில் ‘கேள்வி’ என்று பெயர். அவன் துருப்பை வீணாக்கும்போதெல்லாம் புஷ்பராணி மீன் முள்ளுக்குத் திட்டியதைவிட மோசமாகத் திட்டினார்.

ட்ரெட்மில் மேலேயே இருந்தது. அதை இறக்கப் படியைத் திருத்த வேண்டும், படியைத் திருத்த உபகுழு வேண்டும். சும்மா கிடக்கிறதே என்று தியாகலிங்கம், டொக்டர் சொன்னபடி, கூட்டம் நடக்கும்போது அதில் ஏறி நடக்கத் தொடங்கினார். கீழே சீட்டு விளையாடுகிறவர்களுக்குத் தலைக்கு மேல் டப் டப் என்று அது கேட்கும்.

வருட முடிவில் சங்கத்தின் ஆண்டறிக்கை எல்லோர் வீட்டுக்கும் வந்தது. புஷ்பராணிக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோனதால், துணிகள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஏழுமலை அதை மேசையில் வாசித்துக் காட்டினான். அதில் செயலாளர் எழுதியிருந்தார்: ‘தலைவரின் ஓயாத உழைப்பினால் சங்கம் இவ்வாண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர் முன்னேறியுள்ளது.’

மேசையைச் சுற்றி ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே டப் டப் என்று கேட்டது. புஷ்பராணி கையிலிருந்த சீட்டுகளை அடுக்கியபடி ஒரு தரம் கூரையைப் பார்த்தார்.

“அவ்வளவு தூரம் நடந்த மனுசன்,” என்றார், “இருபத்தொரு படி இறங்கி வரேல்லை, பாத்தீரோ. சரி, உம்மட கேள்வி. சொல்லும்.”